இரண்டு வெள்ளை மருந்துகள்

முகங்களைப் பார்ப்பதை நான் எப்போது நிறுத்தினேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அது ஒரே நாளில் நடந்ததல்ல. முதலில், பெயர் கேட்கும்போது தலையை நிமிர்த்தாமல் எழுதப் பழகினேன். பிறகு நாக்கு, கண்ணின் கீழ் இமை, வயிறு என்று தேவையான இடத்தை மட்டும் பார்த்தேன். அது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தால் அது ஏதாவது கேட்கும். பதில் சொல்ல வேண்டிவரும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பகுதி அது. முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், காட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் இருந்த அரசாங்க டிஸ்பென்சரியில் நான் அப்போதிக்கரியாக இருந்தேன். டொக்டர் இல்லாத இடங்களில் அப்போதிக்கரிதான் எல்லாம். நோயைப் பார்ப்பவரும் அவர், மருந்துத் துண்டு எழுதுபவரும் அவர், மருந்து கலந்து ஊற்றிக் கொடுப்பவரும் அவர். உதவிக்கு ஒருவர் இருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானும் அவரை நானா என்று கூப்பிடுவேன். கூட்டுவது, தண்ணீர் அள்ளுவது, புண் கழுவிக் கட்டுவது எல்லாம் அவர். மருந்துப் போத்தல்களைத் தொட அவருக்கு உத்தரவு இல்லை.

காட்டை வெட்டிக் கொலனிகளில் குடியேறிய புதிய ஆட்கள் வருடத்துக்கு வருடம் கூடினார்கள். டிஸ்பென்சரி கூடவில்லை. இன்னொரு அப்போதிக்கரி வேண்டும் என்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தேன். மூன்றாவது கடிதத்தில், "களைப்பினால் என்னால் ஏதேனும் பிழை நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். சேர்த்துவிட்டு, அதை வெட்டிவிடுவோமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெட்டாமலே அனுப்பினேன். பதில் வரவில்லை.

அங்கே மருந்து வாங்கும் முறையைச் சொல்ல வேண்டும். அரசாங்கம் மருந்து தரும், போத்தல் தராது. வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு போத்தலைக் கழுவிக் கொண்டுவருவார்கள். அநேகமாகக் கால் போத்தல் சாராயம் வந்த தட்டையான போத்தல். அடைப்புக்குத் தும்பு, கிழிந்த சீலைத்துணி, வாழைச்சருகு, அவரவர் வசதிப்படி. நான் நோயைப் பார்த்துத் துண்டு எழுதியதும் அதைச் சுருட்டிப் போத்தலின் கழுத்தில் செருகி, என் யன்னலின் கீழ்க்கட்டின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போய் மரத்தடியில் இருப்பார்கள். வரிசையில் நிற்பது போத்தல்தான், ஆள் அல்ல. மத்தியானத்துக்குச் சற்று முன் நான் மருந்து ஊற்றத் தொடங்குவேன். நிரம்பிய போத்தலைத் திரும்ப யன்னலில் வைத்தால், அவரவர் தங்கள் போத்தலை அடைப்பை வைத்து அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருநாளும் ஒருவரின் போத்தலை மற்றவர் எடுத்தது கிடையாது.

களைப்பைச் சமாளிக்க என்னிடம் சில வழிகள் இருந்தன. விடிய எழும்பியதும் இரண்டு வாளி தண்ணீர் தலையில். பத்து மணிக்கு வெறுந்தேத்தண்ணீர், நானா வாயில் வைக்க முடியாத சூட்டில் கொண்டுவருவார். பெரிய போத்தலை எடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்வேன், ஊற்றும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை. இது எனக்குப் படிப்பித்தவர் சொல்லித் தந்தது. ஆள் கூடக் கூட மூன்று முறை இரண்டாகியது. இரண்டு ஒன்றாகியது. பிறகு உதடு மட்டும் அசைந்தது.

பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான். ஊரின் பெயர் எழுதும் கட்டத்தில் முதல் ஆளின் ஊரை எழுதிவிட்டு, அடுத்த ஆள் அதே ஊர் என்றால் இரண்டு சிறு கோடு போடுவது வழக்கம். அந்த வருடம் நான் வேறு ஊர் என்றாலும் இரண்டு கோடுதான் போட்டேன். மேலிருந்து கீழ்வரை கோடுகள். புத்தகத்தின்படி பார்த்தால் அத்தனை நோயாளிகளும் ஒரே ஊரில் இருந்து வந்தவர்கள்.

வீட்டில் எனக்கு மூன்று பிள்ளைகள். பகல் முழுக்கப் பிள்ளைகளின் வயிற்றை அமர்த்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், என் பிள்ளைகளில் யாராவது இருமினாலும் விட மாட்டேன். அவர்களைக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொல்வேன். நீட்டச் சுணங்கினால் ஏசுவேன். பிறகு ஏசியதை நினைத்துச் சாப்பிட மாட்டேன். மனைவி ஒருநாள் சொன்னாள், "நீங்கள் வீட்டுக்கு வாறதில்லை. டிஸ்பென்சரி தான் இஞ்சை நடந்து வருகுது."

அந்த நாள் ஆவணி மாதத்தில் வந்தது. கிணறுகள் வற்றிக் கலங்கிப்போய், வயிற்றோட்டம் பரவியிருந்த நேரம். வயிற்றோட்டத்துக்கு நாங்கள் கொடுத்தது சோக்குத்தூளும் சீனிப்பாகும் சேர்ந்த ஒரு கலவை. பால் போல வெள்ளை. மூட்டு வலிக்குக் கொடுக்கும் பூச்சு மருந்தும் வெள்ளைதான். அதில் கற்பூரமும் டர்ப்பன்டைன் எண்ணெயும் சவர்க்காரமும் இருக்கும், குடித்தால் நஞ்சு. மணத்தைக் கொண்டே யாரும் பிரித்தறியலாம். ஆனால் காலை முதல் அந்த அறைக்குள் நிற்கிறவனுக்கு மத்தியானத்தில் மூக்கு வேலை செய்யாது.

அன்று நேரத்தை மிச்சம் பிடிக்க நான் ஒரு புது வழி கண்டுபிடித்தேன். இரண்டு போத்தல்களை ஒன்றாக எடுத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றாக இழுத்து வாசித்து, இரண்டையும் ஒரே தடவையில் நிரப்புவது. அரை மணித்தியாலம் நன்றாக நடந்தது. எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமை கூட வந்தது.

ஒரு மணி போல யன்னலடியில் ஒரு குரல் கேட்டது. சற்று முன் மருந்து வாங்கிப்போன, நெல் அவித்துக் குத்தி விற்கும் ஒரு பெண். டிஸ்பென்சரிக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. முழங்கால் வலிக்கு மாதம் ஒருமுறை வருவா. வாய் சும்மா இராது.

"ஐயா, நீங்கள் எனக்குத் தந்தது பூச்சு மருந்தோ, தேத்தண்ணிக்குப் போடுற சீனிப்பாணியோ?"

நான் நிமிரவில்லை. "என்ன அக்கா?"

"பூசிப்போட்டுக் காலை நீட்டிக்கொண்டு கொஞ்சம் சரிஞ்சனான். எழும்பிப் பாத்தா கட்டெறும்பு. கொலனிக்கு ஆக்கள் வந்த மாதிரி வரிசையாய் வந்து என்ரை முழங்காலிலை காணி பிடிச்சு நிக்குது. இனி அதுகளுக்குக் காணிப் பேர்மிற்றும் நீங்கள்தான் எழுதிக் குடுக்க வேணும்."

மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் வாய் விரிந்தபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவ நீட்டிய போத்தலை வாங்கி ஒரு துளியை நாக்கில் வைத்தேன். இனித்தது.

இவவின் போத்தலில் வயிற்றோட்ட மருந்து. அப்படியென்றால் இவவின் பூச்சு மருந்து வேறொரு போத்தலில் போயிருக்கிறது. அந்தப் போத்தலில் செருகியிருந்த துண்டு யாருடையது?

மேசையில் கிடந்த துண்டுகளைக் கிளறி, இவவின் துண்டோடு சேர்ந்து கிடந்த மற்றத் துண்டை எடுத்தேன். ஆண் குழந்தை, வயது இரண்டு, வயிற்றோட்டம். இலக்கத்தை வைத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். பெயர் ஒரு புனிதருடையது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் மூன்று வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயர் இருக்கும். ஊர்க் கட்டத்தில் இரண்டு சிறு கோடு. கண்ணை மூடிப் பார்த்தேன். அந்தத் தாயின் முகம் வரவில்லை. குழந்தையின் முகமும் வரவில்லை. ஒரு வயிறு மட்டும் வந்தது, என் விரல்களுக்குக் கீழே, உப்பிப்போய்.

"நானா, காலமை ஒரு பிள்ளை, ரண்டு வயசு, கடக்கரைப் பக்கத்து ஆக்கள். ஆரெண்டு தெரியுமோ?"

"நான் புண் கட்டிக்கொண்டு நிண்டனான் ஐயா. கவனிக்கேல்லை."

நெல் அவிக்கும் பெண்தான் பேசினா. "சிவத்தப் பூச் சட்டை போட்ட பெட்டையைத் தானே கேக்கிறியள்? என்னோடை தான் இருந்து கதைச்சுக்கொண்டிருந்தவள். முள்ளிவாய்க்கால். கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கை, மூண்டாவது வளவு. புருசன் தொழிலுக்குப் போய் நாலு நாள். மீன் யாவாரியின்ரை வண்டிலிலை வந்தவள், அதிலையே போட்டாள். தலைப்பிள்ளை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஏன் ஐயா, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றா.

பிறகு என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தா. அவ முகம் மாறியது. அதற்குப் பிறகு அவ ஒரு பகிடியும் விடவில்லை.

யன்னல் கட்டின் மேல் இன்னும் இருபது போத்தல்கள் போல நின்றன. நான் யன்னலைச் சாத்தினேன். வெளியே சத்தம் எழும்பியது. "நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ," என்றார் நானா. சைக்கிளை எடுத்தேன்.

வழியில் நான் அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். வண்டில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், தாய் உடனே கொடுத்திருப்பாளா, சோறு கொடுத்த பிறகு கொடுப்பாளா என்று கணக்குப் பார்த்தேன். அதற்கிடையில் விசாரணை, வேலையிலிருந்து இடைநிறுத்தம், வாடகை வீடு, மூன்று பிள்ளைகள் என்று மற்றக் கணக்கும் ஓடியது. எந்தப் பயம் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கடற்கரை கிட்டக் கிட்ட மணல் கூடிச் சில்லு புதைந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

மூன்றாவது வளவில் பூச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தாய் குசினியில் இருந்து வெளியே வந்தாள். இருபது வயது கூட இராது. அப்போதுதான் அவளுடைய முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஐயா, நீங்கள் இஞ்சை எங்கை?"

"பிள்ளைக்கு மருந்து குடுத்திட்டியளோ?"

"ஓம் ஐயா. வந்த உடனை ஒரு கரண்டி. துப்பப் பாத்தவன், நான் விடேல்லை. மூக்கைப் பிடிச்செல்லோ பருக்கினனான்." சொன்னபடி சரியாகச் செய்துவிட்ட திருப்தி அவள் குரலில் இருந்தது. "கண்டபடி மணத்தது. மருந்தெண்டால் மணக்கத்தானே வேணும்."

குழந்தை சீலை ஏணையில் கிடந்தது. குனிந்தேன். மரத்துப்போயிருந்த என் மூக்குக்கே கற்பூரம் மணத்தது. கண் பாதி திறந்து மேலே சொருகியிருந்தது. ஒரு கை மட்டும் இடைக்கிடை துடித்தது.

என்ன செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தையைத் தூக்கினேன். "வருத்தம் கடுமையாய் இருக்கு, முல்லைத்தீவுப் பெரியாசுப்பத்திரிக்குப் போவம்," என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, அடுப்பைக்கூட அணைக்காமல் பின்னால் ஓடிவந்தாள். கோயிலடியில் மீன் ஏற்ற வந்த லொறி ஒன்று நின்றது. சாரதி என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே ஏற்றினார். போகும் வழியில் குழந்தைக்கு ஒருமுறை வலிப்பு வந்து நின்றது. தாய் செபம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் குழந்தையின் நாடியைப் பிடித்தபடி இருந்தேன். லொறியின் குலுக்கலில் எது குழந்தையின் துடிப்பு, எது என்னுடையது என்று தெரியவில்லை.

ஆசுப்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் இருந்தார். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு உண்மை தெரிய வேண்டும், தெரிந்தால்தான் வைத்தியம். பூச்சு மருந்து, ஒரு கரண்டி, இவ்வளவு நேரம் என்றேன். "எப்படி?" என்றார்.

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்திருக்கும். தாய் வீட்டில் தவறுதலாகக் கொடுத்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

டொக்டர் வேலையைத் தொடங்கினார். கையை ஓயவிடாமல் தமிழில் அவளைப் பார்த்துச் சொன்னார், "பூசுற மருந்தைப் பருக்கிறதே? படிப்பில்லாட்டில் ஆரையும் கேக்கக் கூடாதோ? மணந்து பாக்கத் தெரியாதோ?"

அவள் டொக்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த பார்வை அல்ல அது. எதையோ தன் நினைவில் தேடிக்கொண்டிருந்த பார்வை. கடைசியில் அதைக் கண்டுபிடித்தவள் போலத் தலையைக் குனிந்தாள்.

குழந்தை பிழைத்தது. மூன்றாம் நாள் ஆசுப்பத்திரியில் தாயின் மடியில் இருந்து பிஸ்கற் தின்றது. நான் பார்க்கப் போயிருந்தேன். தாய் எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்கள் அண்டைக்குப் பூசத்தான் சொன்னனீங்களோ? எனக்கு நித்திரையில்லாமல் தலை விறைச்சுப்போய் இருந்தது. நான்தான் கவனிக்கேல்லைப் போலை கிடக்கு."

"பரவாயில்லை," என்றேன்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த ஒரு சொல்லை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். பரவாயில்லை. நான் அவளை மன்னித்தேன். அவளும் அதை வாங்கிக்கொண்டாள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நடந்ததை மேலிடத்துக்கு எழுதிக் குடுங்கோ," என்றாள்.

"குடுத்தால் வேலை போகும்."

"போகட்டும்."

அப்போது கடைசிப் பிள்ளை ஏதோ கேட்டுக்கொண்டு உள்ளே வந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சுளகைத் திரும்ப எடுத்தாள். அந்த வார்த்தையை இரண்டாம் முறை அவள் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. நானா அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நெல் அவிக்கும் பெண் அதன்பிறகு முழங்கால் வலிக்கு வரவேயில்லை. ஒழுங்கையில் கண்டால் தலையை மட்டும் அசைப்பா.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பிள்ளைக்கு வருத்தம் கூடிவிட்டதோ என்று மனம் கேளாமல் மத்தியான வெயிலில் சைக்கிளில் கடற்கரைக்கு வந்த அப்போதிக்கரி என்று அந்தப் பெண் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். தான் செய்த பிழையையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள், ஐயா ஒரு சொல் ஏசவில்லை என்று. அதுவரை முல்லைத்தீவுக்குப் போன கடற்கரை ஆட்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். புரட்டாதியில் யன்னல் கட்டு போதாமல் நானா ஒரு நீள மர வாங்கைக் கொண்டுவந்து யன்னலுக்குக் கீழே போட்டார். அதுவும் நிரம்பியது. "நல்ல மனுசன் எண்டு கேள்விப்பட்டு வந்தனாங்கள்," என்பார்கள். நான் இப்போது எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன். எல்லாருடைய ஊரையும் எழுதினேன். பெரிய போத்தலின் பெயரை மூன்று முறை வாய்விட்டுச் சொன்னேன். அதனால் வேலை முடிய அந்தியாகியது. அடுத்த நாள் முந்திய நாளை விடக் களைத்துப்போய் எழும்பினேன்.

ஐப்பசியில் மேலிடத்தில் இருந்து பதில் வந்தது. மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். மேற்படி டிஸ்பென்சரியின் வேலைகள் ஒரே உத்தியோகத்தரால் குறைபாடின்றி நடைபெற்று வருவதாலும், இதுவரை எவ்வித முறைப்பாடும் கிடைக்காததாலும், பொதுமக்களிடம் நற்பெயர் உள்ளதாக அறிவதாலும், இரண்டாவது உத்தியோகத்தரை நியமிக்கும் அவசியம் தற்போது எழவில்லை.

கடிதத்தை வாசித்துவிட்டு நான் கோபப்படவில்லை. அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. நான் எழுதிக் கொடுத்திருந்தால் முறைப்பாடு இருந்திருக்கும். எனக்குப் பதிலாக ஒருவர், ஒருவேளை இருவர் வந்திருப்பார்கள். அந்த யன்னலடியில் நின்றவர்களுக்கு அது நல்லதாக இருந்திருக்கும். என் வாயை மூடி நானே அந்த வழியை அடைத்துவிட்டேன். இனி நான் நாலாவது கடிதம் எழுதினாலும், களைப்பினால் பிழை நேரும் என்று எந்தக் கையால் எழுதுவது?

மார்கழி மழைக்குள் என் நடு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டிஸ்பென்சரியில் மருந்து கலந்து, மணந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"நாளைக்குக் காலமை முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டு வாறன்," என்றாள். "கோவியாதேங்கோ."

நான் கோவிக்கவில்லை. எனக்கு உண்மையில் ஆறுதலாக இருந்தது. அதுதான் என்னை இன்றுவரைக்கும் உலுக்குகிறது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு எதிரேதான் பஸ் நிற்கும் இடம். என் மனைவி மகளைத் துவாயால் போர்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு மழைத்தூறலில் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. வரிசையில் நின்ற ஒரு தாய், கையில் காய்ச்சல் பிள்ளையோடு, அவர்களைக் கண்டுவிட்டாள்.

"அது ஐயாவின்ரை மகள் எல்லோ? எங்கை போகினம், பெரியம்மா வீட்டையோ?"

"ஓம்," என்றேன்.

பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அந்தத் தாய் தன் பிள்ளையை என் முன்னால் நிறுத்தினாள். நான் அதன் முகத்தைப் பார்த்து, பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிவிட்டு, நாக்கை நீட்டச் சொன்னேன்.